போர்ட்டிக்சன் தஞ்சோங் துவான் பாறைக் கரைக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்: எப்போது போவது, எப்படிப் போவது?

சிலியாவ் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிலியாவில் இருக்கிறோம். என் மாமனார் இங்கே பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பால் மரம் சீவியவர், மரத்தை எல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகு கொஞ்ச நாள் குலை ஏற்றப் போனார், இப்போது வீட்டில்தான். கடல் எங்களுக்குத் தூரம் இல்லை. லுக்குட் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரைப் பார்த்துவிடலாம். ஆனால் அவர் வாழ்நாளில் கடலுக்குப் போனது எல்லாம் தெலுக் கெமாங் மணல் வரைக்கும்தான். பாய் விரிப்போம், கொண்டுபோன புளிச்சாதமும் கோழிப் பிரட்டலும் சாப்பிடுவோம், பிள்ளைகள் குளித்து முடித்ததும் கிளம்பிவிடுவோம். போன வாரம் சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தக் கலங்கரை விளக்குக்குக் கீழ கறுப்பா பாறை கிடக்குதே, அதுக்குள்ள என்னதான் இருக்குனு ஒரு நாளும் கிட்டப் போய்ப் பாத்ததில்லையே" என்றார். எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர். அன்றையிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

போன வருசம் தீபாவளி விடுமுறையில் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், தண்ணீர் மரத்தடி வரைக்கும் ஏறி நிற்கிறது. பாறை என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. மாமா காடியை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஆள் கணக்கு: மாமாவுக்கு 71, அத்தைக்கு 67 (முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது), நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் மூன்று பேர், 12, 9, 4 வயது. தைப்பூசம் முடிந்து பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். எந்த நேரம் போவது, அத்தையை எங்கே உட்கார வைப்பது, சின்னவனைப் பாறையில் இறக்கலாமா, போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


லுக்குட் தூண்டில்:

தங்கச்சி, போன வருசம் நீங்கள் விடுமுறையைப் பார்த்துப் போனீர்கள், தண்ணீரைப் பார்த்துப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் அந்தப் பக்கம் இருபது வருசமாகத் தூண்டில் போடுகிறேன், ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் உங்களைப் போல வந்து ஏமாந்து திரும்புகிற குடும்பங்களைப் பார்க்கிறேன்.

மலாய்க்காரர்கள் ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்று சொல்வது நமக்கு ஏற்றம், வற்றம். நம் பக்கக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். வற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஆறு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். இன்றைக்கு வற்றிய நேரத்தில் நாளைக்கு வற்றாது, ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன ஞாயிறு ஒருவர் பத்து மணிக்குப் பாறையில் நின்று படம் போட்டார் என்று இந்த ஞாயிறு நீங்கள் பத்து மணிக்குப் போனால் கதை வேறாக இருக்கும்.

இரண்டாவது விஷயம், எல்லா வற்றமும் ஒன்று இல்லை. உங்கள் வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்குமே, அதில் திதி பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, அதற்கு அடுத்த இரண்டு நாள், இந்தச் சமயத்தில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் நன்றாக ஏறும், அதே போல நன்றாக வற்றும். பாறை அடி வரைக்கும் தெரிவது அப்போதுதான். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிதாக இருக்காது, வற்றமும் அரைகுறைதான். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்று என் ஆத்தா சொல்லும், பாறை பார்க்கப் போகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

நாளைத் திதியில் பிடித்துவிட்டு நேரத்தை அட்டவணையில் பிடியுங்கள். கடற்படையின் நீர்வரைவியல் மையம் வருசா வருசம் ஏற்ற வற்ற அட்டவணை போடுகிறது, போனிலும் போர்ட்டிக்சன் என்று தேடினால் கிடைக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் ஓர் எண் இருக்கும், அது சிறியதாக இருக்க இருக்கப் பாறை அதிகம் தெரியும். என் கணக்குக்கு 0.6-க்கு மேல் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போக மாட்டேன். வற்றம் இரவில் விழுகிறதா பகலில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதுதான் முக்கியம். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பாறையில் இறங்குங்கள், வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் மணலுக்குத் திரும்பிவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணி நேரம் ஒரு பங்கு, இரண்டாவது மணி நேரம் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு. முதல் மணி நேரத்தைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்போம், அதற்குப் பிறகுதான் ஓடி வரும்.

எனக்கு அது நேர்ந்தது. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. முனையில் ஒரு பாறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து தூண்டில் போட்டோம், அன்றைக்கு மீன் நன்றாகக் கடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் முன்னாலிருந்து வரும் என்றுதானே பார்த்துக்கொண்டிருப்போம், அது எங்கள் முதுகுப் பக்கம் இருந்த பள்ளத்தில் ஏறிவிட்டது. போகும்போது கால் நனையாமல் தாண்டிய பள்ளம். திரும்பிப் பார்த்தால் பாறைச் சுவரில் சிப்பி ஒட்டியிருக்கும் வெள்ளைக் கோடு தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன், எனக்கு இடுப்புக்கு மேல் இருந்தது, அலை வேறு இழுத்தது. தூண்டில், வாளி, மீன் எல்லாம் அங்கேயே போயின. இன்றைக்கும் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் தூண்டிலைத் தொடுகிறேன். நீங்களும் வையுங்கள்.

அத்தைக்கு புளூ லகூன் கரை சரியாக இருக்கும். மர நிழல் உண்டு, காடியிலிருந்து அதிகம் நடக்க வேண்டாம். முதுகு சாயும் நாற்காலி ஒன்று கொண்டு போங்கள்.


சிலியாவ் மருமகள்:

அண்ணே, ரொம்ப நன்றி. இதைப் படித்துக் காட்டினேன். அத்தை உடனே அடுப்படிக்குப் போய் நாள்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். மார்ச்சில் பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அட்டவணையில் அன்றைக்கு வற்றம் மதியத்தை ஒட்டி, 0.4 என்று போட்டிருக்கிறது. காலையில் கலங்கரை விளக்கு வரைக்கும் ஏறிவிட்டு அப்புறம் பாறைக்கு இறங்கலாமா?


ரந்தாவ் வாத்தியார்:

அம்மா, மார்ச் என்றால் உங்களுக்கு இன்னொரு காட்சியும் காத்திருக்கிறது, அண்ணாந்து பார்க்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை தேன் பருந்துகள் சுமாத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பிப் போகும். தஞ்சோங் துவானுக்கு நேர் எதிரே ரூபாட் தீவு, இடையில் ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தண்ணீர். நம் கரையிலிருந்து சுமாத்திராப் பக்கம் மிகக் குறுகிய தூரம் அங்கேதான். தரையில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலே கிளம்பும், பருந்து அதில் இறக்கையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஏறி, பிறகு அடிக்காமலே சறுக்கிக்கொண்டு போகும். கடலுக்கு மேல் அந்தக் காற்று இல்லை. அதனால் இறக்கையை அடித்துக்கொண்டே வர வேண்டும், இந்தக் கரையை எட்டும்போது களைத்துப் போய் மரத்துக்குச் சற்று மேலே வரைக்கும் தாழ்ந்து வரும். காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்று வரை நல்ல நேரம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்தி வந்திருக்கிறது, ஒரு வருசம் நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கூட்டமாக வந்த பருந்துகள் காட்டுக்கு மேல் வந்ததும் அடிப்பதை நிறுத்தி வட்டம் போடத் தொடங்கின, எங்கள் பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை வகுப்பில் நான் ஒரு நாளும் வாங்கியதில்லை.

கலங்கரை விளக்குக்குத் தார் சாலைதான், ஆனால் மேடு. மெதுவாக ஏறினால் இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம். உங்கள் மாமனார் தோட்டத்து மேட்டில் நடந்து பழகியவர், ஏறிவிடுவார். உங்கள் அத்தைக்கு வேண்டாம். மேலே இருந்து தெளிவான நாளில் சுமாத்திரா ஒரு கோடு போலத் தெரியும்.

பிள்ளைகளிடம் சொல்ல இரண்டு விஷயம். அந்த முனையைச் சுற்றி எல்லாம் நெகிரி செம்பிலான், முனை மட்டும் மலாக்கா மாநிலம். போர்ட்டிக்சனுக்குள் நடந்தே மலாக்காவுக்குப் போய்விட்டு வரலாம் என்று சொல்லுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கும். போர்த்துக்கீசியர் அதைக் காபோ ரசாடோ என்றார்கள், பிளவுபட்ட முனை என்று பொருள். 1606-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாத்தலீஃப் என்ற தளபதியின் டச்சுக் கப்பல்களும் போர்த்துக்கீசியக் கப்பல்களும் மோதிக்கொண்டது அந்தக் கடலில்தான், மலாக்காவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை. 1641-இல்தான் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். இப்போது நிற்கிற விளக்கு 1863-ஐச் சேர்ந்தது, அதற்கு முன்பே போர்த்துக்கீசியர் அங்கே விளக்கு ஏற்றியிருந்தார்கள். கரைப் பாறையில் பழைய மலாக்கா வீரன் ஹங் துவாவின் காலடி என்று ஒன்றையும் காட்டுவார்கள், அது மக்கள் சொல்லிவரும் கதை, அப்படியே சொல்லுங்கள்.

பருந்து எத்தனை பார்த்தீர்கள் என்று வந்து எழுதுங்கள்.


பஹாவ் அம்மா:

தங்கச்சி, நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு அந்தப் பாறையில் ஒருவரையும் இறங்க விடாதீர்கள். பாசி வழுக்கும், அது ஒரு பக்கம். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியும் கொட்டலசும் பிளேடு போல இருக்கும், வழுக்கும்போது நாம் கையை ஊன்றுவோம், உள்ளங்கை கிழிந்துவிடும். என் தங்கை மகளுக்கு அப்படித்தான், ஐந்து தையல். பால் மரக் காட்டுக்குப் போட்டுப் போவார்களே அந்த ரப்பர் சப்பாத்து, அடி தேயாமல் இருந்தால் அதுவே போதும், மாமாவிடம் கண்டிப்பாக ஒரு ஜோடி இருக்கும். பிள்ளைகளுக்குக் கட்டுகிற பழைய பள்ளிச் சப்பாத்து. வெட்டுப்பட்டால் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு விடாதீர்கள், சுத்தமான தண்ணீரை ஊற்றி உள்ளே சிப்பித் துண்டு இல்லாமல் கழுவுங்கள், ஆழமாக இருந்தால் அன்றைக்கே கிளினிக். உங்கள் வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால் சின்னக் கீறலாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

தேநீருக்கு ஒரு பிளாஸ்க் எடுப்பீர்கள் இல்லையா, வெறும் சுடுதண்ணீர் ஒரு பிளாஸ்க் கூட எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கை முள்ளோ கல்மீன் முள்ளோ குத்தினால் வலி உயிர் போகும், அந்த விஷம் சூட்டில்தான் தணியும். காலைப் பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 பாகைக்கு மேல் போகாமல், அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். குத்துப்பட்டவருக்குச் சூடு தெரியாது, அதனால் வேறு ஒருவர் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கலங்கிய தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டு நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

பிள்ளைகள் குளங்களுக்குள் கையை விடுவார்கள், விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க அவ்வளவு இருக்கிறது. குந்தி உட்கார்ந்து நிழல் விழாமல் ஒரு நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் ஒன்றுமே இல்லாத தண்ணீர் மாதிரி இருக்கும்.


நீலாய்க்காரன்:

நான் சொல்வதைத் தப்பாக எடுக்க வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளை, எழுபது வயதுப் பெரியவர், இவர்களைக் கூட்டிக்கொண்டு பாறையில் ஏறுவது தேவையா? மணலில் உட்கார்ந்து பார்த்தால் போதாதா? ஒரு தடவை வழுக்கினால் இடுப்பு எலும்பு. என் அப்பா குளியலறையில் வழுக்கியே ஆறு மாதம் படுத்தார், பார்த்துக்கொண்டது நான், அதனால்தான் சொல்கிறேன்.


லுக்குட் தூண்டில்:

தம்பி சொல்வது சரிதான், பயம் வேண்டும். நான்கு வயதுப் பையனைப் பாறையில் ஏற்றவே வேண்டாம். மணலும் பாறையும் சேரும் ஓரத்திலேயே சின்னச் சின்னக் குளங்கள் இருக்கும், அங்கேயே கணுக்கால் தண்ணீரில் அவனுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும், ஒரு பெரியவர் அவன் ஒருவனுக்கு மட்டும் என்று ஒதுங்க வேண்டும். ஆனால் பெரியவரை நான் தடுக்க மாட்டேன். விடியாத நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஈரமான மலைச் சரிவில் மரத்துக்கு மரம் நடந்த கால் அது. பாறையில் நம்மைவிட அவர் பார்த்துத்தான் வைப்பார். கையில் ஒரு கம்பு கொடுங்கள், பாசி பச்சையாக இருக்கிற பாறையை விட்டுவிட்டு சொரசொரப்பாக இருக்கிற பாறையில் மட்டும் கால் வைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் சாயங்காலம் இடி மழை வரும். தூரத்தில் ஓர் இடி கேட்டாலும் பாறையை விட்டு வந்துவிடுங்கள், திறந்த இடத்தில் நாம்தான் உயரமாக நிற்போம்.


சிலியாவ் மருமகள்:

போய்விட்டு வந்தோம். இரண்டு நாளாக எழுத நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை வீட்டிலேயே பசியாறிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். அத்தையும் சின்னவனும் நானும் புளூ லகூன் மரத்தடியில் இருந்தோம், மாமாவும் அவரும் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் விளக்கு வரைக்கும் ஏறினார்கள். குரங்குகள் வந்தன, அத்தை சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையவே இல்லை. சுமாத்திரா தெரியவில்லையாம், புகைமூட்டமாக இருந்ததாம்.

பதினொன்றரைக்கு எல்லாரும் கீழே வந்ததும் நான் மாமாவோடு பாறைக்குப் போனேன். போன வருசம் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது தெரியுமா, அதே இடம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கறுப்புப் பாறை, அதில் மேலே வெள்ளைச் சிப்பி, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே பழுப்பு என்று வரி வரியாக. மாமா பழைய காட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கம்பால் ஒவ்வொரு பாறையையும் தட்டித் தட்டித்தான் கால் வைத்தார். எங்கள் மூத்தவள்தான் இரண்டு தடவை வழுக்கினாள், அவர் ஒரு தடவைகூட இல்லை.

ஒரு பாறைக்கு இடுக்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குளம். பஹாவ் அம்மா சொன்ன மாதிரி நிழல் விழாமல் குந்தி உட்கார்ந்தோம். முதலில் சின்னச் சின்னச் சங்கு மட்டும்தான் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சங்குக்குக் கால் முளைத்து நடந்தது, துறவி நண்டு என்று மகள் சொன்னாள். அது இன்னொரு காலிச் சங்கிடம் போய் அதன் வாயைக் கையால் தடவித் தடவிப் பார்த்தது, உள்ளே கையை விட்டு அளந்தது, பிறகு ஒரே நொடியில் தன் சங்கிலிருந்து வெளியே வந்து வாலைப் புதுச் சங்குக்குள் நுழைத்துக்கொண்டது. அந்த ஒரு நொடியில் அதன் பின்பக்கம் எவ்வளவு மெல்லியது, எவ்வளவு வெளிறியது என்று தெரிந்தது. மாமா, "வூடு மாத்துது பாத்தியா" என்றார், அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. தோட்டத்து லயத்தைக் காலி செய்து நாங்கள் வெளியே வந்து ஆறு வருசம் ஆகிறது.

அண்ணே, அலாரம் அடித்தபோது யாருக்கும் எழுந்திருக்க மனம் இல்லை. ஆனால் எழுந்துவிட்டோம். மணலில் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம், முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, மூன்று மணிக்கு மேல் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை கண் முன்னாலேயே போய்விட்டது. பிள்ளைகள் மூன்று பேரும் அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதி, இனி நான் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. நீலாய்த் தம்பிக்கு: சின்னவன் மணல் ஓரத்திலேயே இருந்தான், அவன் அப்பா கையை விடவில்லை.

ஒரே ஒரு காயம், எனக்குத்தான், முழங்கையில் கொட்டலசு கிழித்துவிட்டது. சுத்தத் தண்ணீரால் கழுவினேன், காய்ந்துவிட்டது. சுடுதண்ணீர் பிளாஸ்க்கைத் திறக்கவே தேவை வரவில்லை, அதில் அத்தைக்கு மைலோ கலக்கிக் கொடுத்தோம்.

வாத்தியார் ஐயா, பருந்து எண்ணியது நாங்கள் இல்லை. நாங்கள் பாறையில் குனிந்து கிடந்த நேரத்தில் அத்தை நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மொத்தம் இருபத்து மூன்று. கடலிலிருந்து வந்தவை மட்டும்தான், அந்தக் காட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கண்டிப்பாக எழுதச் சொன்னார்.


ரந்தாவ் வாத்தியார்:

உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள் அம்மா, அப்படித்தான் எண்ண வேண்டும்.